குறைந்த வெளிச்சம், குறைந்த பட்ஜெட்: எந்த ஃபுல் ஃப்ரேம்?

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. இரவு பத்தரைக்குக் களரி கட்டினார்கள். மூங்கிலில் கட்டிய இரண்டு எல்இடி ஃப்ளட் லைட், அவ்வளவுதான் வெளிச்சம். திரைக்குப் பின்னால் நின்று பாடி முடித்த துரியோதனன் வேஷக்காரர், திரை விலகியதும் சுழன்றபடி உள்ளே வந்தார். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் அந்த லைட்டை வாங்கி வாங்கித் தெறித்தன. என் கையில் இருந்தது ஒரு கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும். விடிய விடிய முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், உட்கார்ந்து வாசித்த மிருதங்கக்காரரின் முகம் மட்டும்தான் தெளிவு. ஆடியவர்கள் எல்லோரும் இழுபட்ட சிவப்புத் திட்டுகளாக இருந்தார்கள்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கு. அந்தப் பதில் பாதிதான் சரி. மிச்சப் பாதி புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் நான்கைந்து ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் கை மாறிப் போயின. ஒன்று சொந்தம், மற்றவை இரவலும் வாடகையும். அந்த அனுபவத்தையும் இந்த கேமராக்களைப் பற்றிப் பொதுவில் இருக்கும் அளவீடுகளையும் சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரவுப் படத்துக்குக் குறைந்த விலை ஃபுல் ஃப்ரேம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நாய்ஸை, அதாவது இருட்டுப் படத்தில் தெரியும் புள்ளிகளை, ஒப்பிட்டே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். இந்த கேமராக்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாத ஒரே விஷயம் அந்த நாய்ஸ்தான்.

முதலில் ஃபுல் ஃப்ரேம் என்ன தருகிறது என்று கணக்குப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து 35 மி.மீ. ஃபிலிமின் அளவு 36-க்கு 24 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் அதே அளவு, பரப்பு 864 சதுர மி.மீ. நிக்கான், சோனி கிராப் சென்சார்கள் ஏறக்குறைய 23.5-க்கு 15.6, அதாவது 366 சதுர மி.மீ. கேனானின் கிராப் சென்சார் இன்னும் கொஞ்சம் சின்னது. ஆக ஃபுல் ஃப்ரேமில் 2.3 முதல் 2.6 மடங்கு பரப்பு கூடுதல். ஒரே அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் அத்தனை மடங்கு வெளிச்சம் கூடுதலாகச் சேரும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஒன்றேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே.

இருட்டில் எடுத்த படம் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. ஒளி சீராகக் கொட்டும் பொருள் இல்லை, துகள் துகளாக வந்து விழுவது. ஓர் இடத்தில் சராசரியாக 100 துகள் விழும் என்றால் அடுத்தடுத்த முறை 90-ம் விழும், 110-ம் விழும். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 தான். முதலாவதில் பத்து சதவீதத் தடுமாற்றம், இரண்டாவதில் ஒரு சதவீதம். வெளிச்சம் நான்கு மடங்கானால் படத்தின் தெளிவு இரண்டு மடங்காகும். எவ்வளவு நல்ல சென்சார் செய்தாலும் ஒளியின் இந்தக் குணத்தை மாற்ற முடியாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பை, கூட்டினால் நாய்ஸ் வருகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் வெளிச்சம் குறைந்ததால்தான் நாய்ஸ் வருகிறது. ஐஎஸ்ஓ அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

சரி, இப்போது அந்தக் கூத்து இரவுக்கே வருவோம். அந்த வெளிச்சத்தில், எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்) போட்டு 1/250 நொடி ஷட்டர் வைத்தால் ஐஎஸ்ஓ 3200 போதும். பின்னாளில் அதே மாதிரி ஒரு களரியில் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். என் கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 9.7 மடங்கு. அதாவது அதே 1/250 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 30,000-ஐத் தாண்ட வேண்டும். அது முடியாமல்தான் நான் ஷட்டரை 1/50-க்கு இறக்கினேன், ஆட்டக்காரர் இழுபட்டுப் போனார்.

கேமரா பாடியை மாற்றினால் 2.4 மடங்கு. லென்ஸை மாற்றினால் 9.7 மடங்கு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. என்னிடம் இருந்த அதே பழைய கேமராவில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டியிருந்தாலே அன்றைய படங்களில் பாதி தேறியிருக்கும். கேனானிலும் நிக்கானிலும் அந்த லென்ஸ்தான் ஏறக்குறைய மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிட்டுக் காசு தீர்ந்துபோய் எஃப் 4-6.3 கிட் லென்ஸோடு நிற்பவர், கிராப் சென்சாரில் எஃப் 1.8 வைத்திருப்பவரைவிட இருட்டில் பின்னால்தான் நிற்பார்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.8 வைத்து மூன்று மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் 40 செ.மீ. தான். முகம் கூர்மையாக இருக்கும், உடம்பைத் திருப்பி நிற்கும்போது பின்பக்கத்து புஜகீர்த்தி கரைந்துபோகும். அதுவும் தெரிய வேண்டும் என்று எஃப் 2.8-க்கு மூடினால், ஃபுல் ஃப்ரேம் தந்த சலுகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பெரிய சென்சாரின் லாபம் முழுசாக வேண்டுமானால் இந்த மெல்லிய ஃபோகஸோடு வாழப் பழக வேண்டும். ஆகவே கேமரா அந்த 40 செ.மீ.க்குள் ஒழுங்காகக் குறி வைக்கிறதா என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது.

நாய்ஸில் எவ்வளவு வித்தியாசம்?

2005-ல் கேனான் 5டி வந்தபோது 3,299 டாலர். அதைத்தான் அன்று கைக்கு எட்டும் ஃபுல் ஃப்ரேம் என்றார்கள். 2007-ல் நிக்கான் டி3 வந்து, ஐஎஸ்ஓ 6400-ஐச் சாதாரணமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. அப்போதுதான் இரவுப் படம் என்றாலே ஃபிளாஷ் என்ற நிலை மாறத் தொடங்கியது. அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டே வந்தது. 2019-ல் கேனான் ஈஓஎஸ் ஆர்பி 1,299 டாலருக்கும், 2020-ல் நிக்கான் இசட்5 ஏறக்குறைய 1,400 டாலருக்கும், 2023-ல் கேனான் ஆர்8 1,499 டாலருக்கும் வந்தன. 2018-ல் சுமார் 2,000 டாலருக்கு வந்த சோனி ஏ7 மார்க் 3, 2014-ன் நிக்கான் டி750, 2012-ன் கேனான் 6டி எல்லாம் இன்று செகண்ட் ஹேண்டில் அந்த விலையைவிட வெகுவாகக் குறைந்து கிடைக்கின்றன. பட்ஜெட் ஃபுல் ஃப்ரேம் என்று நம் ஊரில் பேச்சு வந்தால் சுற்றிச் சுற்றி இந்தப் பெயர்கள்தான் வரும்.

டிஎக்ஸ்ஓமார்க் என்ற அளவீட்டு நிறுவனம் பல கேமரா சென்சார்களுக்குக் குறைந்த வெளிச்ச மதிப்பெண் ஒன்று தந்திருக்கிறது. படத்தின் தரம் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்காமல் எந்த ஐஎஸ்ஓ வரை போகலாம் என்பதே அந்த எண். 2014-ன் டி750-க்கு அது 3000-ஐ ஒட்டி இருக்கிறது. ஆர்பிக்கும் ஏறக்குறைய அதே. ஏ7 மார்க் 3-க்கு 3700-ஐத் தாண்டுகிறது. கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் 3000-க்கும் 3700-க்கும் இடையில் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் தூரம். ஒரே படத்தை இரண்டிலும் எடுத்து ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் எது எந்த கேமரா என்று சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. இதே அளவுகோலில் நல்ல கிராப் சென்சார்கள் 1300, 1400 என்று நிற்கும். மேலே சொன்ன பரப்புக் கணக்கோடு இது அச்சாகப் பொருந்துகிறது, பாருங்கள்.

மெகாபிக்சல் குறைந்தால் இருட்டில் நல்லது என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதற்குக் காரணமான கேமரா 2014-ல் வந்த சோனி ஏ7எஸ். வெறும் 12 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 4,09,600 வரை போகும். வீடியோ எடுப்பவர்கள் கொண்டாடினார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஸ்டில் படத்துக்கு அதன் குறைந்த வெளிச்ச மதிப்பெண் 3702. நான்கு வருடம் கழித்து வந்த, இரண்டு மடங்கு மெகாபிக்சல் கொண்ட ஏ7 மார்க் 3-ன் மதிப்பெண் 3730. பிக்சல் பெரிதா சிறிதா என்பதைவிட மொத்த சென்சார் எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தைச் சுருக்கி 12 ஆக்கினால் நாய்ஸும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது.

இருந்தாலும் ஓர் இடத்தில் சென்சார் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100-ல், பல நொடிகள் திறந்து வைத்து எடுக்கும் படங்கள். விளக்கு அலங்காரம் செய்த கோபுரம், கீழே இருட்டான தெரு. கோபுரம் வெளுத்துப் போகாமல் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் தெருவை வெளிச்சமாக்க வேண்டும். ஆர்பியின் சென்சார் 2017-ன் கேனான் 6டி மார்க் 2-விலிருந்து வந்தது. அதன் டைனமிக் ரேஞ்ச், அதாவது ஒரே படத்தில் பிடிபடும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி, ஐஎஸ்ஓ 100-ல் ஏறக்குறைய 12 ஸ்டாப், ஏ7 மார்க் 3-க்கு 14.7. இது மூன்றில் ஒரு ஸ்டாப் சமாச்சாரம் இல்லை. ஆர்பியின் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) நிழலை நான்கு ஸ்டாப் தூக்கினால் மணல் தூவியது போல ஆகிவிடும். டி750, இசட்5, ஏ7 மார்க் 3 மூன்றிலும் தெருவில் கிடக்கும் செருப்புகூடத் தெரியும். ஐஎஸ்ஓ 3200-க்குப் போய்விட்டால் இந்த இடைவெளி கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். அதனால் ஆர்பியை யாராவது மோசம் என்று சொன்னால், எந்த ஐஎஸ்ஓவில் என்று கேட்க வேண்டும்.

ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அதன் சென்சாரில் இரண்டு வகை ஆம்ப்ளிஃபிகேஷன் இருக்கிறது, ஐஎஸ்ஓ 640-ல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். அந்த இடத்தில் சென்சார் தானாகப் போடும் நாய்ஸ் சட்டென்று இறங்கும். 400, 500-ல் நின்று நிழலைத் தூக்குவதைவிட 640-க்குப் போய்விடுவது பல நேரம் நல்லது.

ஃபோகஸ்தான் விஷயம்

முதன்முதலாக இரவல் ஃபுல் ஃப்ரேமோடு கூத்துக்குப் போன இரவில், என்னை அசர வைத்தது படத்தின் சுத்தம் இல்லை. ஒரு ஃப்ளட் லைட் இடையில் அணைந்துவிட்டது, ஜெனரேட்டர் ஆள் ஓடினார். ஆட்டம் நிற்கவில்லை. பாதி வெளிச்சத்தில் கட்டியக்காரன் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால், அவர் கண் மேல் சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டு அவரோடேயே நகர்ந்தது. என் பழைய கேமரா அந்த வெளிச்சத்தில் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு நின்றுபோயிருக்கும்.

எந்த இருட்டு வரை ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும் என்பதை ஈவி என்ற அளவில் சொல்வார்கள். எண் எவ்வளவு மைனஸில் போகிறதோ அவ்வளவு இருட்டு. பௌர்ணமி நிலவில் கிடக்கும் வயல்வெளி ஏறக்குறைய மைனஸ் 2, மைனஸ் 3. டி750-யும் ஏ7 மார்க் 3-யும் மைனஸ் 3 என்கின்றன. ஆர்பி மைனஸ் 5, ஆர்8 மைனஸ் 6.5. 2025-ல் வந்த நிக்கான் இசட்5 மார்க் 2 மைனஸ் 10 என்கிறது.

இந்த எண்களை அப்படியே வரிசையாக வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கேனான் தன் எண்ணை எஃப் 1.2 லென்ஸ் மாட்டி அளந்து சொல்கிறது, சோனி எஃப் 2 லென்ஸ் மாட்டி. எஃப் 1.2-க்கும் எஃப் 2-க்கும் ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம். எனவே ஆர்பியின் மைனஸ் 5, சோனியின் அளவுகோலில் மைனஸ் 3.5-ஐ ஒட்டித்தான் வரும். இசட்5 மார்க் 2-ன் மைனஸ் 10-ம் எஃப் 1.2 கணக்குதான். நம்மில் யாரும் இந்த பட்ஜெட்டில் எஃப் 1.2 லென்ஸ் வாங்கப் போவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தாலும் ஆர்8-ம் இசட்5 மார்க் 2-ம் தெளிவாக முன்னால் நிற்கின்றன, ஆர்பிக்கும் ஏ7 மார்க் 3-க்கும் பெரிய இடைவெளி இல்லை என்பது வரை சொல்லலாம்.

எண்ணுக்கு அப்பாலும் விஷயம் இருக்கிறது. டி750 போன்ற, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரில் 51 ஃபோகஸ் புள்ளிகளும் ஃப்ரேமின் நடுவில் கூட்டமாக இருக்கும். ஆட்டக்காரர் ஓரத்துக்குப் போனால் புள்ளி அங்கே இருக்காது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் கிட்டத்தட்ட முழு ஃப்ரேமிலும் ஃபோகஸ் வைக்கலாம், முகத்தையும் கண்ணையும் தானாகத் தேடிப் பிடிக்கும். அதேசமயம் மையிருட்டில் டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. சில மிரர்லெஸ் வ்யூஃபைண்டர்கள் அந்த இருட்டில் மினுமினுவென்று நாய்ஸோடு தாமதமாகக் காட்டும். ஏ7 மார்க் 3-ல் எனக்கு இது உறுத்தியது, ஆனாலும் பழகிவிட்டது.

இசட்5-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கேமரா அதுதான். இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட், நல்ல வ்யூஃபைண்டர், கைக்கு அடங்கும் பிடி, யுஎஸ்பி வழியாக பவர் பேங்க் மாட்டியே படம் எடுக்கலாம். ஆனால் நொடிக்கு 4.5 படம்தான் எடுக்கும், நகர்கிறவர்களை விடாமல் துரத்துவதில் ஏ7 மார்க் 3 அளவுக்கு வராது. ஓடி ஆடும் கூத்துக்கு நான் அதை எடுத்துப் போக மாட்டேன். நிற்கிற, நடக்கிற, பேசுகிற மனிதர்களுக்குத் தாராளமாகப் போதும்.

நிக்கான் இசட்6 2018-ல் வந்தது. சென்சார் இசட்5-ஐவிடக் கொஞ்சம் புதிய வகை. ஆனால் ஒரே ஒரு கார்டு ஸ்லாட், அதுவும் எஸ்டி இல்லை, எக்ஸ்க்யூடி என்ற தனி வகை. அந்த கார்டும் ரீடரும் வாங்கும் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கை நடுக்கம், ஆள் அசைவு

இசட்5, ஏ7 மார்க் 3, பானசோனிக் எஸ்5 இவற்றில் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சமன் செய்யும். ஆர்பியிலும் ஆர்8-லும் அது கிடையாது, டிஎஸ்எல்ஆர்களான டி750-யிலும் 6டி-யிலும் கிடையாது. இதற்காகவே ஆர்8-ஐ ஒதுக்குகிறவர்கள் உண்டு.

அது நியாயமா என்பது நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோயில் பிரகாரத்தில் அர்த்தஜாமப் பூஜைக்குப் பிறகு கூட்டம் கலைந்து, தூணுக்குத் தூண் அகல் எரியும் நேரம். இசட்5-ல் கையிலேயே பிடித்து கால் நொடி, ஐஎஸ்ஓ 800. படம் கல்லின் சொரசொரப்போடு வரும். ஆர்8-ல் இதே படத்துக்குச் சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்தாலும் 1/30-க்குக் கீழே போக எனக்குத் துணிவு வராது, அதாவது ஐஎஸ்ஓ 6400. மூன்று ஸ்டாப் போய்விட்டது. சென்சார்களுக்குள் இருக்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் இந்த மூன்று ஸ்டாப்பைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

கூத்துக்கோ கல்யாண ரிசப்ஷனுக்கோ போனால் கதை தலைகீழ். ஆள் அசைகிறார், 1/250 வேண்டும். அந்த வேகத்தில் கை நடுக்கம் ஒரு பிரச்சினையே இல்லை, ஸ்டெபிலைசேஷன் இருந்தும் பயனில்லை. அங்கே ஆர்8-ன் ஃபோகஸ்தான் காப்பாற்றும்.

நம் ஊர் மின்சாரத்தில் எல்இடி, ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு ஒரு தொல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் மலிவான லைட்டுகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250-ல் அடுத்தடுத்து எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் மஞ்சளாகவும் வருவது இதனால்தான். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். முடிகிறபோது 1/100-க்கு இறங்கிவிடுங்கள். ஆட்டக்காரர் சுழன்று முடித்து ஒரு கணம் நிற்பாரே, அந்தக் கணத்துக்கு 1/100 போதும். ஏ7 மார்க் 3, ஆர்8 இரண்டிலும் இந்தத் துடிப்பைக் கவனித்து ஷட்டரை விடும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருக்கிறது. டி750-யில் இல்லை.

விடிய விடிய எடுப்பதென்றால் பேட்டரியையும் பார்க்க வேண்டும். நிறுவனக் கணக்கின்படி ஆர்பி ஒரு பேட்டரியில் சுமார் 250 படம், ஏ7 மார்க் 3 சுமார் 700, டி750 1,230. ஆர்8-லும் ஆர்பியின் அதே சின்ன பேட்டரிதான். நான் ஆர்பியோடு போன இரவில் மூன்று பேட்டரி கொண்டு போனேன், நான்கு மணிக்கு மூன்றாவதும் கடைசிக் கோட்டில் நின்றது.

நட்சத்திரங்களுக்கு வேறு கணக்கு

வானம் எடுப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஃபோகஸைக் கையால், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொள்வோம். கேமரா ட்ரைபாடில் இருப்பதால் ஸ்டெபிலைசேஷனை அணைத்து வைப்போம். கண் பிடிக்கும் ஃபோகஸ், நொடிக்கு இத்தனை படம் எதற்கும் வேலையில்லை. ஆகவே இருப்பதிலேயே மலிவான ஃபுல் ஃப்ரேம் பாடியை வாங்கிவிட்டு மிச்சத்தை எல்லாம் அகன்ற, வெளிச்சமான லென்ஸில் போடலாம். பழைய 6டி-யும் சம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8 மேனுவல் லென்ஸும் சேர்ந்த ஜோடி எத்தனையோ பேருக்குப் பால்வீதியைக் காட்டியிருக்கிறது.

நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பால்வீதியின் மையம் தெற்கு வானில் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதை அடிவானத்தை ஒட்டித்தான் பார்க்க முடியும். கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் அது 50 பாகைக்கும் மேலே ஏறும். ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதற்கு அந்த வானத்தின் இருட்டும் ஒரு காரணம். அந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் ஏப்ரல், மே மாதத்து நிலவில்லாத பின்னிரவுகள் இன்றும் பார்க்க வேண்டியவை.

எத்தனை நொடி திறக்கலாம்? 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுக்கச் சொல்வார்கள், 20 மி.மீ.க்கு 25 நொடி. ஃபிலிம் காலத்துக்கு அது சரி. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 20 மி.மீ. லென்ஸ் போட்டால், பூமி சுழல்வதால் பால்வீதி மையத்து நட்சத்திரம் 25 நொடியில் ஐந்து பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். 15 நொடியில் மூன்று பிக்சல். நான் 15-ல் நிறுத்திக்கொண்டு 16 படம் எடுத்து, மென்பொருளில் அடுக்கிச் சேர்க்கிறேன். 16 படம் சேர்ந்தால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகக் குறையும். எந்த பாடியை மாற்றினாலும் கிடைக்காத முன்னேற்றம் இது, செலவும் இல்லை.

பென்டாக்ஸ் கே-1 இங்கே தனி ரகம். 2016-ல் வந்தது. உள்ளேயே ஜிபிஎஸ் வைத்து, வானத்தோடு சேர்ந்து சென்சாரையே நகர்த்தும் அஸ்ட்ரோட்ரேசர் என்ற வசதி அதில் உண்டு. நம் ஊரில் லென்ஸும் சர்வீஸும் தேடிப்பிடிப்பது கஷ்டம். கிடைத்தால் வானத்துக்கு அருமையான கேமரா. பழைய சோனிகளில் ஏ7ஆர் மார்க் 2, ஏ7எஸ் மார்க் 2 இரண்டும் சில நொடிகளுக்கு மேலான எக்ஸ்போஷரில் சின்ன நட்சத்திரங்களை நாய்ஸ் என்று நினைத்து அழித்துவிடும் என்ற புகாருக்கு ஆளானவை, வானத்துக்கு அவற்றைத் தவிர்க்கலாம்.

வெயில் காலத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். வெப்பத்தால் சென்சாரில் தானாக உருவாகும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்த படத்தில் இல்லாத சிவப்பு, நீலப் புள்ளிகள் மே மாதத்து நம் இரவில் வரும். லென்ஸ் மூடியைப் போட்டு அதே 15 நொடி, அதே ஐஎஸ்ஓவில் நான்கைந்து கறுப்புப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு கழித்துவிடலாம்.

எதை வாங்கலாம்?

லென்ஸிலிருந்து தொடங்குகிறேன். சோனியில் வெளி நிறுவனங்களின் மலிவான எஃப் 1.8 லென்ஸ்கள் ஏராளம், செகண்ட் ஹேண்டிலும் நிறைய கிடைக்கும். நிக்கானில் 40 மி.மீ. எஃப் 2 சின்னதாக, மலிவாக, நன்றாக இருக்கிறது, வில்ட்ராக்ஸும் லென்ஸ் தருகிறது. கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் மவுண்டில் ஃபுல் ஃப்ரேமுக்கு வெளியாரின் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களுக்கு நிறுவனம் கதவைத் திறக்காமல் வைத்திருப்பது பெரிய குறை. ஆனால் அடாப்டர் மாட்டினால் டிஎஸ்எல்ஆர் காலத்துப் பழைய ஈஎஃப் லென்ஸ்கள் குறையே இல்லாமல் வேலை செய்கின்றன. வீட்டில் பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றை இசட் கேமராவில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, சொந்த மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் போய்விடும்.

ஆடுகிற, ஓடுகிற மனிதர்கள் என்றால் செகண்ட் ஹேண்ட் ஏ7 மார்க் 3-ம் 85 மி.மீ. எஃப் 1.8-ம். புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஆர்8-ம் 50 மி.மீ. எஃப் 1.8-ம். கோயில், தெரு, வீட்டுக்குள் விளக்கொளி என்றால் இசட்5-ம் 40 மி.மீ. எஃப் 2-ம். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் இசட்5 மார்க் 2 இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. இன்று இந்த வரிசையில் மிகச் சிறந்தது அதுதான் என்பேன். ட்ரைபாடும் வானமும் மட்டும் என்றால் டி750. ஆர்பியை, கையில் ஏற்கெனவே ஈஎஃப் லென்ஸ் இருந்து, அரைக் கிலோவுக்குள் ஒரு கேமரா வேண்டும் என்பவருக்கு மட்டும் சொல்வேன். இரவு வீடியோவும் வேண்டும் என்றால் ஆர்பியையும் இசட்5-ஐயும் விட்டுவிடுங்கள், இரண்டுமே 4கே-யில் படத்தை வெகுவாக வெட்டிவிடும்.

நிற்கிற பொருள் மட்டும்தான் எடுப்பீர்கள், பார்ப்பதும் போனில்தான் என்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு படங்களை அடுக்கிச் சேர்க்கும் போனின் நைட் மோடு அதை இப்போது நன்றாகவே செய்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பகலில், கடை வாசலில் சோதிக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டுப் போய் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் எஃப் 1.8 லென்ஸை மாட்டி, கடைக்காரர் முகத்தில் ஃபோகஸ் வையுங்கள், அவரை இரண்டடி முன்னால் வரச் சொல்லி மறுபடி வையுங்கள். அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 3200-ல் 30 நொடி எடுத்து, திரையில் பெரிதாக்கி வண்ணப் புள்ளிகள் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடி என்றால் கையில் பிடித்து 1/8-ல் பத்துப் படம் எடுங்கள், குறைந்தது ஏழு படமாவது கூர்மையாக வர வேண்டும். டி750 என்றால் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்துத் தயாரிப்புகளில் ஷட்டர் கோளாறுக்காக நிக்கானே அறிவிப்பு வெளியிட்டு இலவசமாக மாற்றித் தந்தது, அந்தப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால் ஷட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.